கடுகாயி கப்பலுக்கு வெச்ச பொட்டு

இரு சாமி, இப்படித் திரும்பிப் படு. இந்தப் பனியனுக்கெல்லாம் நூல் பிசிறு வெட்டிக்கிட்டே சொல்றேன். கத்தரிகிட்ட கைய நீட்டாத. ம், அப்படி. சத்தமா எல்லாம் சொல்லமாட்டேன், பக்கத்து வூட்டு அக்காவுக்குக் கேட்டுச்சுன்னா நாளைக்குப் பூரா என்னப் பார்த்துச் சிரிப்பாங்க. காத இங்க குடு. நான் நிறுத்தற எடத்துல நீ "ம்" சொல்லணும். சொல்லலைன்னா தூங்கிட்டேன்னு வெச்சுக்குவேன், சரியா?

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு கண்ணாடி பீரோ இருந்துச்சாம். அந்த பீரோக்குள்ள ஒரே ஒரு கப்பல் இருந்துச்சாம். தண்ணியில போற கப்பல் இல்ல சாமி, வானத்துல போற கப்பல். டிவியில முன்னாடி ஒரு நாடகம் வருமாம். அதுல ஒரு நட்சத்திரத்த வுட்டு இன்னொரு நட்சத்திரத்துக்குத் தாவித் தாவிப் போவாங்களாம். அந்த நாடகத்துல வர்ற கப்பலப் பார்த்து, அச்சு அசலா அதே மாதிரி, ஒரு முழத்துக்குச் செஞ்சு வெச்ச பொம்மைக் கப்பல். வெள்ளை ஒடம்பு, நீலக் கோடு, ரெண்டு பக்கமும் றெக்கை, தலையில ஊசியாட்டம் ஒரு ஏரியல். மூக்குல ஒரு குட்டி ஜன்னல். அந்த ஜன்னலுக்கு உள்ளதான் கடுகாயி உக்காந்திருந்தா.

கடுகாயி யாருன்னு கேளு. அந்தக் கப்பல ஓட்டறவ. கடுகத்தனை இருப்பா, அதான் கடுகாயி. செவப்புச் சட்டை, கையில ஸ்டீயரிங்கு. ஸ்டீயரிங்கப் புடிச்ச புடி வுடாம உக்காந்திருக்கா, ஆனா ஒரு நாள் கூட ஓட்டினதில்ல. பாவந்தானே?

ம்.

ஏன் ஓட்டலைன்னா, கப்பலோட சொந்தக்காரர் தினகரன்னு ஒருத்தர். செல்போன் ரிப்பேர் கடை வெச்சிருந்தாரு. சின்ன வயசுல அந்த நாடகத்தப் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டு, பெரியவரானப்புறம் எங்கிருந்தோ கடல் தாண்டி வரவழைச்சிருந்தாரு. அந்த மாதிரி உலகத்துலயே கொஞ்சந்தான் செஞ்சாங்களாம். வயித்துக்கு அடியில நம்பர் எல்லாம் போட்டிருக்குமாம். அதனால யாரும் தொடக்கூடாது. அவரே தொடமாட்டாரு. கண்ணாடிக்கு வெளிய நின்னு, கையப் பின்னாடி கட்டிக்கிட்டு, பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி பார்த்துட்டுப் போவாரு.

அவரு சம்சாரம் பேரு கஸ்தூரி. ஒருக்கா அவ கேட்டா, "ஏனுங், ஒரே ஒருதரம் கையில குடுங்களே?"

"ஐயோ, ரேகை விழுந்துரும் அம்மிணி."

"என்னைக் கட்டிக் கூட்டிட்டு வந்தப்பக் கூட இத்தனை பதனமா வெச்சுக்கலியே நீங்க!"

"நீ நடக்கறவ. அது நடக்காதில்ல" அப்படின்னாரு.

இதக் கேட்டுட்டு கடுகாயி உள்ள உக்காந்து பொருமுனா. நடக்காதுதான். பறக்கும்ல? யாராச்சும் பறக்க வுட்டாத்தானே தெரியும்?

அப்புறம் ஆயுத பூஜை வந்துச்சு. அன்னைக்குக் காலையில தினகரன் ஒரு பசை டியூப்போட வந்தாரு. "கஸ்தூரி, நாளைக்குக் கடை லீவுதானே. இந்தக் கதவுச் சந்துல பசைய ஊத்தி ஒரேடியா ஒட்டிடப் போறேன். இனிமே பொட்டுத் தூசி உள்ள போகாது."

"அப்புறம் எப்படித் தொறப்பீங்க?"

"தொறக்கறதுக்கு என்ன இருக்கு?"

கடுகாயி காதுல இது விழுந்துச்சு. நாளைக்கு ஒட்டிட்டா அவ்வளவுதான். இனி எந்தக் காலத்துலயும் பறக்க முடியாது. என்ன பண்றது? ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா. கூடத்துல கஸ்தூரி எல்லாத்தயும் கழுவித் தொடைச்சு வரிசையா வெச்சிட்டிருக்கா. தையல் மிஷினு, மிக்சி, அருவாமணை, கடை ஸ்க்ரூ டிரைவரு, வாசப்படியோரமா பைக்கு. எல்லாத்துக்கும் சந்தனம், குங்குமம். அவங்க வூட்டு வழக்கம் என்னன்னா, பூஜையில வெச்சத அன்னைக்கு எடுக்கக் கூடாது. மறுநாள் காலையில எடுத்து, கொஞ்சமாச்சும் ஓட்டியே ஆகணும். ஓட்டாம மூடி வெச்சா வெளங்காது.

கடுகாயி நெனச்சா, "நம்ம கப்பலுக்கும் ஒரு பொட்டு விழுந்துட்டா? நாளைக்கு நம்மளயும் ஓட்டித்தானே ஆகணும்!"

கெட்டிக்காரிதானே?

ம்.

அப்போ அவ மேல சுத்தற ஃபேனக் கூப்புட்டா. "ஃபேன் அண்ணா, ஃபேன் அண்ணா, ஒரு வீசு வீசி என்ன அந்த வரிசையில தள்ளி வுடுங்களேன்." ஃபேனு கட கட கட கடன்னு சிரிச்சுது. "என் காத்து கண்ணாடிக்குள்ள வராது கண்ணு. நானே ஒரே எடத்துல சுத்திட்டுக் கெடக்கறேன், நான் உன்ன எங்க கொண்டு போக?"

அப்புறம் கதவுச் சந்துல போற எறும்புகளக் கூப்புட்டா. "அக்கா, அக்கா, தூக்கி வுடுங்கக்கா." எறும்பெல்லாம் சரசர சரசரன்னு வந்து, ஐலசா, ஐலசான்னு தள்ளுச்சுங்க. கப்பல் அசையவே இல்ல. அதுக்குள்ள கஸ்தூரி பார்த்துட்டா. "அட, சாமி வெல்லத்துக்கு இப்பவே வரிசை கட்டியாச்சா?"ன்னு எறும்பு சாக்பீஸ எடுத்து பீரோ ஓரமா சர்ர்ருன்னு ஒரு கோடு போட்டா. எறும்புகளெல்லாம் வுட்டேன் சவாரி!

கடுகாயிக்கு அழுவாச்சியா வந்துச்சு. ஸ்டீயரிங்க வுட்டாத்தானே கண்ணத் தொடைக்க முடியும், அதும் முடியல.

அப்போ பீரோ மேல ஒரு பல்லி. கெழட்டுப் பல்லி, வாலு கூட பாதிதான். "பல்லி மாமா, பல்லி மாமா, நீங்க சொன்னா பெரியவங்களே கேப்பாங்களாமே. எனக்காக ஒருக்கா சொல்லுங்களேன்."

"நான் நெனச்சாத்தான் சொல்லுவேன். கண்டவங்க கேட்டா சொல்றதுக்கு நானென்ன ரேடியோவா?"

"நான் 'இப்ப'ன்னு சொல்லும்போது சொன்னாப் போதும் மாமா."

"பார்றா! கடுகத்தனை இருந்துக்கிட்டு எனக்கே நேரம் சொல்றா. வாய் மட்டும் கப்பலத்தனை இருக்கு." அப்படின்னுட்டுப் பல்லி அந்தப் பக்கம் திரும்பிக்கிச்சு.

தினகரன் பொரியும் பூசணிக்காயும் வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தாரு. கஸ்தூரி தனியா நின்னு குங்குமச் சிமிழக் கையில வெச்சுக்கிட்டு, "மிஷினுக்கு வெச்சாச்சு, மிக்சிக்கு வெச்சாச்சு, பைக்குக்கு வெச்சாச்சு. வேற ஏதாச்சும் வுட்டுப் போச்சா?" அப்படின்னா.

கடுகாயி கத்துனா, "மாமா, இப்ப!"

ஒண்ணும் இல்ல. பல்லி அப்படியே இருக்கு.

"வுட்டுப் போச்சோ?"ன்னு மறுபடி கஸ்தூரி.

"மாமா, இப்ப மாமா!"

ம்ஹூம்.

"சரி, ஒண்ணும் வுடல"ன்னு கஸ்தூரி சிமிழ மூடப் போனா பாரு, அப்போ சொல்லுச்சு பல்லி: டிச், டிச், டிச், டிச்!

கஸ்தூரி அண்ணாந்து பார்த்தா. "பல்லி சொல்லுதே. அப்ப என்னமோ வுட்டுத்தான் போச்சு." பார்வை பல்லியில இருந்து எறங்குச்சு, பீரோவுக்கு வந்துச்சு, கப்பல்ல வந்து நின்னுச்சு. "அடடே! இதும் வண்டிதானே!"

அவ்வளவுதான். கதவத் தொறந்தா. ரெண்டு கையிலயும் பச்சைக் கொழந்தையத் தூக்கற மாதிரி தூக்கி, மிக்சிக்குப் பக்கத்துல வெச்சா. மூக்குல சந்தனத்த அப்பி, நடுவால குங்குமம். றெக்கையில ஒரு சாமந்திப்பூ. கடுகாயி ஜன்னல்ல ஜில்லுன்னு சந்தனம் வழிஞ்சுது. அவளுக்கு என்னமோ அவ நெத்தியிலயே வெச்ச மாதிரி இருந்துச்சாம்.

தூங்கிட்டியா?

ம்... ம்.

அப்புறம் தினகரன் வந்தாரு. பார்த்தாரு. கையில இருந்த பூசணிக்காய் தொப்புன்னு விழுந்து உருண்டு போச்சு.

"ஐயையோ! என்ன காரியம் பண்ணிப்போட்ட! குங்குமச் சாயம் எறங்கிரும்! போச்சு, எல்லாம் போச்சு!"

"ஏனுங் கத்தறீங்க? வண்டிக்குப் பொட்டு வெக்கறது தப்புங்களா?"

"அது வானத்துல ஓடற வண்டி!"

"அப்படீன்னா இன்னும் கொஞ்சம் பெருசாவே வெச்சிருக்கணும்."

அவரு ஈரத்துணிய எடுத்தாரு. கடுகாயிக்கு உசுரே போயிருச்சு. கஸ்தூரி இருக்காளே, நாலு பேர் முன்னாடி வாயே தொறக்கமாட்டா, அன்னைக்குக் குறுக்க வந்து நின்னுட்டா. "பூஜையில இருக்கறத இன்னைக்குத் தொடாதீங்க. நாளைக்கு எடுத்து ஓட்டுங்க. அப்புறம் தொடைப்பீங்களோ, ஒட்டி வெப்பீங்களோ, உங்க இஷ்டம்."

அவரு பொரிய வாயில போடாம மடியில வெச்சுக்கிட்டு உம்முன்னு உக்காந்திருந்தாரு.

பொழுது விடிஞ்சுது. கஸ்தூரி மிஷின மிதிச்சா, டக டக டக டக. மிக்சியப் போட்டா, விர்ர்ர். தினகரன் பைக்கெடுத்து எலுமிச்சம்பழத்து மேல ஏத்துனாரு, நச்! எல்லாம் ஆச்சு. கப்பல் மட்டும் உக்காந்திருக்கு.

"இத ஓட்டுங்க" அப்படின்னா.

"இத எப்படி அம்மிணி ஓட்டறது?" வெக்கமா போச்சு அவருக்கு. மீசை வெச்ச ஆளு, பொம்மையத் தூக்கிக்கிட்டு ஓடுனா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?

"மாடியில யாரும் இல்ல. வாங்க." அவளே முன்னாடி ஏறிப் போனா. கப்பலுக்கு அடியில ஒரு எலுமிச்சம்பழம் வெச்சா. கப்பல் அது மேல ஜம்முன்னு உக்காந்துக்கிச்சு, பழம் நசுங்குனாத்தானே! "பரவால்ல, இதுக்குப் பதிலா நான் நசுக்கறேன்"னு குதிகால்ல ஒரு மிதி மிதிச்சா. நச்!

அப்போ தினகரன் கப்பலத் தூக்குனாரு. மொத தடவை இடுப்பு வரைக்கும் தூக்கி, ரெண்டெட்டு நடந்து நின்னுட்டாரு. "போதுமா?" "இதுக்குப் பேரு பறக்கறதா? முறத்தத் தூக்கிட்டுப் போறாப்பல இருக்கு." ரெண்டாந்தடவை தோள் வரைக்கும் தூக்குனாரு. வாயத் தொறந்து மெதுவா "வ்ர்ர்..." அப்படின்னாரு. பக்கத்து மாடியப் பார்த்துட்டு நிறுத்திட்டாரு. கடுகாயி உள்ளருந்து, "இன்னும் மேல! இன்னும் மேல!"ன்னு கெஞ்சறா.

மூணாந்தடவை தலைக்கு மேல தூக்குனாரு பாரு! "வ்ர்ர்ர்ர்ரூம்!"னு ஒரே ஓட்டம். கொடியில காயற துணிக்குள்ள பூந்து, தண்ணித் தொட்டிய ஒரு சுத்து சுத்தி, திரும்பி வர்றப்ப வேட்டி தடுக்கிருச்சு. கப்பல் கைய வுட்டு...

ஃபுய்ய்ய்ய்!

போயே போச்சு. யாரு கையிலயும் இல்ல. மேல வானம், கீழ வானம். கடுகாயி பார்த்தா, ஊரே தெரியுது. சாயப்பட்டறைப் புகைக்கூண்டு, ரயிலு, கோயில் கோபுரம், தூரத்துல மலை. அவ ஸ்டீயரிங்க ஒரு வளை வளைச்சா. கப்பல் திரும்புச்சு. அவ திருப்புனாளோ, காத்து திருப்புச்சோ, யாரு கண்டா. கைப்பிடிச்சுவர் பக்கமாப் போனது இந்தப் பக்கம் வந்துச்சு. கஸ்தூரி முந்தானைய விரிச்சுப் புடிச்சுக்கிட்டு ஓடியாந்தா. பொத்துன்னு அதுல விழுந்துச்சு.

தினகரன் முட்டி செராய்ப்போட எந்திரிச்சு வந்தாரு. கப்பல எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. ஏரியல் வளைஞ்சு போச்சு. வயித்துல நம்பருக்கு மேலயே ஒரு கீறல். மூக்குல குங்குமம் வேற அப்பிக் கெடக்கு. கடுகாயி மூச்சுக் கூட வுடல. பீரோவா, வானமா?

அவரு கப்பல நெஞ்சோட அணைச்சுக்கிட்டாரு. தலையக் குனிஞ்சுக்கிட்டு மெதுவாக் கேட்டாரு, "அம்மிணி, நீ அந்தக் கடைசியில போய் நிக்கறியா? இன்னொருக்கா வுடறேன், புடிச்சுக்கோ."

"புடிச்சுக்கறேன். நீங்க மொதல்ல வேட்டிய மடிச்சுக் கட்டுங்க!"

அவ்வளவுதான் சாமி. கடுகாயி சிரிச்ச சிரிப்புல அந்தக் குட்டி ஜன்னலே மங்கிப் போச்சாம். கப்பலும் போயிட்டு வந்துட்டுத்தான் இருக்கு, என் கதையும் வந்து எறங்கிருச்சு, இனி உன் கண்ணும்...

"ரேவதி! ஏம்ப்பா ரேவதி! தண்ணி வுட்டுட்டாங்க, கொடத்த எடுத்துக்கிட்டு ஓடியா!"

இதோ வந்துட்டேங்க்கா! நீ எந்திரிக்காத சாமி, கண்ண மூடிக்கோ, கடுகாயி இந்நேரம் எந்த நட்சத்திரத்துல போய் எறங்கறான்னு பார்த்து வெய்யி, நான் ரெண்டு கொடம் புடிச்சுட்டு வந்து உன்கிட்ட