நீர்க்காகம் தந்த அத்திப்பழம்

அல்லிக்குளத்து ஆமை பெரியதம்பிக்கு அத்திப்பழம் என்றால் உயிர். ஆனால் அத்திமரம் இருப்பதோ மலையடிவாரத்தில். ஆமை நடந்து போய்ச் சேர்வதற்குள் பழக்காலமே முடிந்துவிடும்!

பெரியதம்பி சாதாரண ஆமை அல்ல. குளத்துச் சபையின் உறுப்பினர். அது சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நண்டு முதல் நத்தை வரை எல்லாமே நம்பின.

ஒரு நாள் காலை, பக்கத்து ஏரி நீர்க்காகம் ஒன்று பழுத்த அத்திப்பழத்தோடு வந்து இறங்கியது.

"ஐயா, உங்களுக்காகத்தான் கொண்டாந்தேன்! சும்மா ஒரு பிரியம்!"

மறுநாளும் பழம் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. பத்தாம் நாள் நீர்க்காகம் மெல்லப் பேச்செடுத்தது.

"உங்க கோரைப்புல் ஓரத்துல வெயில் நல்லா அடிக்குது. எங்க கூட்டம் அங்க சிறகு காயவைக்க அனுமதி கிடைச்சா போதும். சபையில ஒரு வார்த்தை சொல்லுங்களேன்!"

கோரைப்புல் ஓரத்தில்தான் விரால் சிகப்பி குஞ்சு பொரித்திருந்தது. ஆமைக்கு அது தெரியும். 'சிறகு காயவைக்கத்தானே கேட்கிறார்கள்' என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டது.

சபை கூடியது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. பேச எழுகிறவர், வெளியாரிடம் வாங்கியது எதுவானாலும் முதலில் சொல்லிவிட வேண்டும்.

"வெளியார்கிட்ட ஏதாவது வாங்கினதுண்டா?" என்று கேட்டது தலைவர் தவளை.

பழத்தைப் போய் யாராவது பரிசு என்பார்களா? ஆமை தொண்டையைச் செருமிக்கொண்டது.

"எனக்கெதுக்கு அதெல்லாம்! ஒண்ணும் இல்லை!"

பிறகு நீர்க்காகங்களுக்காக உருக்கமாகப் பேசியது. சபையும் தலையாட்டியது.

மூன்றே நாள்தான். சிறகு காய்ந்ததோ இல்லையோ, விரால் குஞ்சுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

சிகப்பி ஆமையைத் தேடி வந்தது. திட்டத்தான் வருகிறது என்று ஆமை நடுங்கியது.

"அண்ணே, நீங்க நீர்க்காகத்துக்கிட்ட பழம் வாங்கினதைப் பார்த்ததா நண்டு சொல்லுது. நல்லா நாலு வார்த்தை கேட்டுட்டேன்! 'எங்கண்ணன் வாங்கியிருந்தா சபையில சொல்லியிருப்பாரு'ன்னு சண்டை போட்டுட்டு வர்றேன். நீங்க மனசு கஷ்டப்படாதீங்கண்ணே!"

பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் தனக்கு ஆறுதல் சொல்கிறாள்! ஆமை கூனிக் குறுகிப்போனது. அதைவிட நாலு அடி வாங்கியிருக்கலாம் என்றிருந்தது.

"நண்டு சொன்னது நிஜம்தாம்மா. வாங்கினேன். தின்னேன். சபையில மறைச்சிட்டேன்."

சிகப்பி ஆமையை விட்டுச் சற்று விலகிப் போனது.

"அன்னைக்கே சொல்லியிருந்தா, உங்க பேச்சை நம்பாம பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு அக்கரைக்குப் போயிருப்பேனே!" என்றது.

சபை நீர்க்காகங்களை விரட்டியடித்தது. ஆமை தானாகவே பதவியை விட்டு விலகியது. வழியில் யார் வந்தாலும் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. வெட்கம் அங்கேயும் கூடவே வந்தது. சிகப்பி அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அதை 'அண்ணே' என்று கூப்பிடவில்லை.

ஊருக்காகப் பேசுகிறவர் தான் வாங்கியதை மறைத்தால், அதற்கான விலையை அவரை நம்பியவர்களே கொடுக்க நேரும்.