தாவிமணி பொதி சுமந்தது எப்படி

அந்தக் காலத்தில் பழ ஈக்கள் பேசும். பேசும் என்ன, நன்றாகவே வாயாடும். ஒவ்வோர் உயிரின் உடம்புக்குள்ளும் ஒரு மணிச்சரம் இருந்தது. சிறகுக்கு ஒரு மணி, காலுக்கு ஒரு மணி, கண்ணுக்கு ஒரு மணி. நினைத்தால் வெளியே உருவிப் பார்க்கலாம். ஆனால் பார்க்கக் கூடாது என்பது ஈக்களின் கட்டுப்பாடு. "நம்ம சரம் சுத்தம். பார்க்கணும்னு நினைக்கிறவதான் அசுத்தம்" என்பார்கள்.

சிவந்த கண்ணில் அந்தக் குலத்துக்கு அப்படியொரு கர்வம். கூடுடைத்து வந்த பிள்ளையை வெடித்த பலாப்பழத்தின் மேல் நிறுத்திக் கண் பார்ப்பார்கள். சிவப்பென்றால் பலாச்சுளை. வேறு நிறமென்றால் சிலந்தி வலை.

மாதுளி தன் மகளை நிறுத்தினாள். பிள்ளை தலையைத் தூக்கியது. கண் இரண்டும் அரிசி கழுவிய தண்ணீர் நிறம்!

"அடிப்பாவி!" குலத்தலைவியான மாமியார் செம்பாயி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "என் மகன் வம்சத்துல இந்தக் கண்ணு ஏதுடி? எங்க போயி வாங்கிட்டு வந்த?"

"உங்க மகனைத் தவிர வேற எவன் மூஞ்சியையும் நான் பார்த்ததில்ல அத்தை."

"அப்ப பிள்ளை தானா வெளுத்துச்சா? தூக்குங்கடா வலைக்கு!"

கொழுந்தன்மார் இருவர் பிள்ளையைப் பிடித்தார்கள். என்ன குற்றமென்று பார்க்கக்கூட விடாத சுத்தம் என்ன சுத்தம்? மாதுளி பாய்ந்து, எல்லோர் முன்னாலும், பிள்ளையின் சரத்தை வெளியே உருவினாள்.

"ஐயோ!" என்று கூட்டம் கண்ணை மூடப் பார்த்தது. ஈக்கு ஏது இமை? எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

கண்ணுக்கான சிவப்பு மணி நொறுங்கிக் கிடந்தது. அதன் நடுவில், யாரும் கண்டிராத ஒரு மணி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"யார் நீ?"

"தாவி. எனக்குச் சிறகும் செய்யத் தெரியாது, காலும் செய்யத் தெரியாது. இடம் விட்டு இடம் தாவத் தெரியும். தாவினேன், இதுல விழுந்துட்டேன்."

"நீ விழுந்ததுக்கு என் பிள்ளை சாகணுமா?"

வலையில் சிலந்தி எழுந்து நின்றது. மாதுளி தன் சரத்தை உருவி, சிவப்பு மணியைப் பிடுங்கி, பலாநாரால் தாவியின் முதுகில் கட்டினாள்.

"இனி வெறுங்கையோட தாவாத. இதைச் சுமந்துக்கிட்டு என் பிள்ளை சரத்துலயே வேற இடத்துக்குப் போ. கேடில்லாத இடமாப் பார்த்து உட்காரு!"

"கட்டினா சுமப்பேன், யார் கட்டினாலும். எங்க உட்காருவேன்னு மட்டும் கேட்காத. எனக்கே தெரியாது."

தாவி குதித்தது. இரண்டு மணிகளுக்கு நடுவே, சும்மா கிடந்த இழையில் போய் விழுந்தது. பிள்ளையின் கண்ணில் ஒரு செம்புள்ளி. பிறகு கண் முழுவதும் சிவப்பு. அதே நொடியில் மாதுளியின் கண்கள் வெளுத்தன. வெயில் ஊசியாய்க் குத்தியது.

"பிள்ளையை விடுங்க. இவளைத் தூக்குங்க!" என்றாள் செம்பாயி. கொழுந்தன்மார் மாதுளியைப் பிடித்தார்கள்.

"தூக்கட்டும் அத்தை. எதுக்குன்னு சொல்லிட்டுத் தூக்கச் சொல்லுங்க. இப்ப வரைக்கும் உங்க குலமா இருந்தவ, ஒரு மணி இடம் மாறினதும் இல்லாமப் போயிட்டேனா?" மாதுளி திரும்பினாள். "ஏ தாவி, முதல்ல நீ எங்க இருந்த?"

"செம்பாயி சரத்துலதான். அங்க தூங்கிட்டிருந்தேன். மகன் வழியா இங்க வந்து முழிச்சேன். என் கூடப்பிறந்ததுங்க இந்தக் கூட்டத்துல எல்லார் சரத்துலயும் படுத்துக் கிடக்குதுங்களே!"

செம்பாயி மெல்ல முன்னங்கால்களைத் தூக்கித் தன் கண்ணைத் துடைத்தாள். சிவப்பு இருக்கிறதா, போய்விட்டதா? அவளைப் பார்த்துக் கூட்டமே துடைத்தது. மாதுளியைப் பிடித்திருந்த கால்களும் இப்போது அவரவர் கண்களில் இருந்தன. அவள் மகளைக் கூட்டிக்கொண்டு பலாச்சுளைக்கு நடந்தாள்.

அன்று முதல்தான் ஈக்கள் உட்கார்ந்த இடத்திலெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருக்கின்றன. தாவி சுமை தூக்கப் பழகியதும் அன்று முதல்தான். ஆய்வுக்கூடத்து மனிதர்கள் ஒரு பட்டுப்புழுவின் சரத்தில் புதிதாய் ஒரு மணியை, அவர்கள் பேச்சில் ஒரு மரபணுவை, சேர்க்க நினைத்தால், வேறொரு பூச்சியிடமிருந்து தாவியை எடுத்து, அந்த மணியை அதன் முதுகில் கட்டி அனுப்புகிறார்கள். எங்கே உட்காருவாய் என்று அவர்களும் கேட்கிறார்கள். மாதுளிக்குச் சொன்ன பதிலைத்தான் தாவி அவர்களுக்கும் சொல்கிறது.