ஓதம் ஏறிய வேளையில் எடுத்த நீர்

ஆறு கடலோடு கலக்கும் ஒரு கழிமுகத்தில் கூழைக்கடா ஒருவர் வாழ்ந்துவந்தார். அங்குள்ள பறவைகளும் விலங்குகளும் கூடி அமைத்த நீர்க்காவல் மன்றத்துக்கு அவரே தலைவர். அலகு அத்தனை நீளமாக இருக்கும்போது அறிவும் நீளமாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்திருந்தார்கள்.

ஆற்றின் வடகரையில் நகரத்தார் கொட்டிய குப்பை மலைபோல் உயர்ந்திருந்தது. அந்த மலையில் ஒரு நரி வளை தோண்டிக் குடியிருந்தது. குப்பையிலிருந்து கசியும் கறுப்பு நீரை ஆற்றில் இறங்கவிடாமல் ஒரு மண்கரை தடுத்துவந்தது. தேங்கிய நீர் தன் வளையை நனைக்கிறதே என்று வருந்திய நரி, சென்ற மழைக்காலத்தில் அந்தக் கரையை வெட்டிவிட்டது. வளை உலர்ந்தது. கறுப்பு நீர் வாய்க்காலாக ஓடி ஆற்றில் விழுந்தது.

வாய்க்கால் விழும் இடத்துக்கு அருகே ஒரு தாய் நீர்நாய் மூன்று குட்டிகளை ஈன்றிருந்தது. சில நாள்களிலேயே குட்டிகளின் தோல் புண்ணாயிற்று. கடைசிக் குட்டியின் கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. மன்றம் கூடியிருந்த வேளையில் தாய் தலைவரிடம் ஓடியது.

“நீர் கெட்டுவிட்டது, ஐயா.”

“கெட்டதா? மாதந்தோறும் நானே சோதிக்கிறேன். மரத்தில் மடல் தொங்குகிறதே, பார்க்கவில்லையா?”

தலைவர் சோதிக்கும் முறை மிகச் சிறப்பானது. முழுநிலவு நாளன்று புறப்படுவார். மூன்று நாள் முன்னதாகவே நரிக்குச் சொல்லியனுப்புவார். சொல்லாமல் ஒருவர் வீட்டுக்குச் செல்வது நாகரிகமன்று. கடல் ஓதம் முழுவதும் ஏறிய வேளையில்தான் செல்வார். ஓதம் வடிந்தால் கால் சேற்றில் புதையும். கடல்நீர் வந்து நிரம்பிக் கறுப்பு நீரைக் கரைத்துவிட்ட அந்த நேரத்தில், பாறைமேல் நின்று அலகுப் பையில் நீரை முகந்து, அதில் ஒரு மீன்குஞ்சை விடுவார். குஞ்சு நீந்தினால் நீர் நன்று. சோதனை முடிந்ததும் அதை விழுங்கிவிடுவார். ஆகவே மறுநாள் அதன் நலம் விசாரிக்க யாருக்கும் வாய்ப்பில்லை. பிறகு ‘நீர் மிக நன்று’ என்று தாழை மடலில் எழுதி, நரி அளிக்கும் விருந்தை உண்டு திரும்புவார். விருந்தை மறுப்பதும் நாகரிகமன்று அல்லவா?

“ஓதம் வடிந்த பிறகு ஒருமுறை வாருங்கள், ஐயா,” என்று நீர்நாய் வேண்டியது. “என்னோடு வந்திருக்கும் இந்த நண்டு வாய்க்கால் ஓரத்தில் வாழ்கிறது, நாள்தோறும் பார்க்கிறது. அதைக் கேளுங்கள்.”

பக்கத்தில் நின்ற நரி சிரித்தது. “பக்கவாட்டில் நடப்பவனுடைய சாட்சி மட்டும் நேராக இருக்குமோ?”

மன்றத்தார் கைதட்டினார்கள். வாதத்தில் பொருள் இல்லாவிட்டாலும் நகைச்சுவை இருந்ததே, அது போதாதா? நரி அத்துடன் விடவில்லை.

“பொய் சொல்லி ஊரை அச்சுறுத்துகிறது இந்த நீர்நாய். அடுத்த முழுநிலவுக்குள் சொன்னதை மெய்ப்பிக்கட்டும். இல்லையேல் குட்டிகளோடு கழிமுகத்தைவிட்டுப் போகட்டும்.”

அப்படியே ஆணையாயிற்று. புண்பட்ட குட்டிகளால் ஆற்றை எதிர்த்து நீந்த இயலாது. வெளியேற்றினால் அவை வழியிலேயே மடியும். தாய்க்கு அது தெரியும்.

முழுநிலவுக்கு முதல் நாள், நீர்நாய் தலைவரின் மனைவியைக் காணச் சென்றது. கூட்டில் இரண்டு குஞ்சுகள் சிறகடித்துக்கொண்டிருந்தன.

“மீன்பிடிக்கப் பழகும் பருவமாயிற்றே, அக்கா. எங்கே அழைத்துச் செல்லப்போகிறீர்கள்?”

“அதுதான் தெரியவில்லையடி. எங்கு பார்த்தாலும் ஆழம்.”

“வடகரை வாய்க்காலின் முகப்பில், ஓதம் வடிந்தால் முழங்காலளவு நீர்தான். அது நல்ல நீரா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் பொய் பரப்புகிறவள். உங்கள் வீட்டுக்காரர் எழுதிய ஆறு மடல்கள் மரத்தில் தொங்குகின்றன. படித்துக்கொள்ளுங்கள்.”

அம்மையார் படித்தார். அந்தக் கழிமுகத்தில் அம்மடல்களைப் படித்தவரும் நம்பியவரும் அவர் ஒருவரே.

மறுநாள் எதிர்க்கரைத் தோப்பில் மன்றம் கூடியது. தலைவர் வெளியேற்றும் ஆணையைப் படிக்க எழுந்தார். அவ்வேளையில், நீர்நாய் காவலுக்கு நிறுத்தியிருந்த மீன்கொத்தி பறந்துவந்தது.

“தலைவர் ஐயா, உங்கள் வீட்டம்மா குஞ்சுகளோடு வடகரை வாய்க்காலுக்குப் போய்விட்டார்.”

“இப்போதா? ஓதம்?”

“நன்றாக வடிந்திருக்கிறது, ஐயா.”

ஆணை ஒருபுறம் விழுந்தது. தலைவர் ஒருபுறம் பறந்தார். மன்றத்தாரும் பின்னால் விரைந்தார்கள்.

வாய்க்காலின் முகப்பில் நீர் கறுத்து நுரைத்துக் கிடந்தது. அம்மையார் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் நின்றார். ஆனாலும் கணவரின் எழுத்தைவிடத் தம் மூக்கை நம்பலாமா என்று எண்ணி, மூத்த குஞ்சை முன்னே தள்ளப்போனார்.

“நில்! அது நஞ்சு!” என்று வானிலிருந்தே அலறினார் தலைவர்.

அம்மையார் குஞ்சை இழுத்து அணைத்துக்கொண்டார். “நஞ்சா? மிக நன்று என்று ஆறு முறை எழுதியிருக்கிறீர்களே.”

“அது… ஓதம் ஏறியபோது எழுதியது.”

“ஓதம் வடிந்தால் பிள்ளைகள் உயிர்வாழ வேண்டாமா?”

நீர்நாய் தன் கடைசிக் குட்டியைக் கவ்விவந்து தலைவரின் காலடியில் வைத்தது. அவர் அன்றுதான் அதன் முகத்தை முதன்முறையாகப் பார்த்தார்.

அந்த இடத்திலேயே புதிய ஆணை பிறந்தது. வெட்டிய கரையை நரியே கட்ட வேண்டும். இனிமேல் ஓதம் வடிந்த வேளையில், முன்னறிவிப்பின்றி, நண்டு நீர் எடுக்க வேண்டும்.

“என் வளை நனையுமே,” என்று முனகியது நரி.

“நனையாத வேளையாகப் பார்த்து உறங்குங்கள். வேளை பார்க்கத்தான் உங்களுக்கும் என் வீட்டுக்காரருக்கும் நன்றாகத் தெரியுமே,” என்றார் அம்மையார்.

தலைவர் பதவி விலகவில்லை. வெட்கத்துக்கும் பதவிக்கும் என்ன உறவு? ஆயினும் மன்றத்தார் இப்போது மடல்களைப் படிக்கத் தொடங்கியிருந்தார்கள். அது அவருக்குப் போதிய தண்டனையாயிற்று. கரை எழுந்தது, நீர் மெல்லத் தெளிந்தது. குட்டிகளின் புண்கள் ஆறின. கடைசிக் குட்டிக்கு ஒரு கண்தான் திறந்தது.

தன் பிள்ளையை இறக்கத் துணியாத நீரைப் பிறர் பிள்ளைக்கு நன்று என்று எழுதிக் கொடுப்பவன் காவலன் அல்லன். நஞ்சு ஊருக்குள் வருவதற்கு அவனும் ஒரு வாய்க்காலே ஆவான்.