பிலோமினாள் பேசி முடிக்கும்வரை

தூத்துக்குடியில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அறையில், ஞாயிற்றுக்கிழமைதோறும் சங்கரகோமதி கட்டற்ற மென்பொருள் சொல்லிக்கொடுத்து வந்தார். அதன் மூல நிரலை, அதாவது சோர்ஸ் கோடை, யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று எழுதியவர்களே விட்டுவைத்த மென்பொருளுக்கு அந்தப் பெயர்.

அவரிடம் படித்தவர்களில் மூத்தவர் சூசைமரியான். குருவைவிடச் சீடருக்கு இருபத்தைந்து வயது கூடுதல். அவர் இவரை டீச்சர் என்பார். இவர் அவரை அண்ணாச்சி என்பார்.

சூசைமரியான் நூற்பு மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மில்லுக்குக் கடைசியாக வந்த இயந்திரத்தின் மூடியைக் கம்பெனி ஆள் மட்டுமே கழற்றலாம் என்று ஏற்பாடு. அது நின்றால், அந்த ஆள் வெளியூரிலிருந்து வந்து சேரும்வரை எல்லோரும் சும்மா நிற்க வேண்டும். கையில் ஸ்பானரோடு, தொட முடியாமல் நின்றதை சூசைமரியான் மறக்கவில்லை. டீச்சரின் முதல் வகுப்பைக் கேட்டுவிட்டு, "இவ்வளவு நாளா இது எங்க இருந்துது டீச்சர்?" என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு, திறந்து பார்க்க விடாத பூட்டிய மென்பொருள் எதையும் அவர் தம் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. மைத்துனர் கல்யாணப் பத்திரிகையைப் பூட்டிய வடிவத்தில் அனுப்பியபோது, திறக்க வழியில்லை, வேறு விதமாக அனுப்பவும் என்று எழுதினார். மைத்துனர் அனுப்பவில்லை. இவரும் போகவில்லை.

கூடப் படித்த தபால்காரர் ஒருவர் அவரைச் சீண்டுவார். "அண்ணாச்சி மீன் வாங்கப் போனாலும் சோர்ஸ் கோடு கேப்பாரு."

"செவுளத் தூக்கிப் பாக்க விடாதவன்கிட்ட நீ மீன் வாங்குவியாவே?" என்றார் சூசைமரியான்.



ஒரு ஞாயிறு, வகுப்பு முடிந்து எல்லோரும் போன பின்னும் சூசைமரியான் எழுந்திருக்கவில்லை.

"டீச்சர், கொள்கைய ஒரே ஒரு தடவை விட்டா அது தப்பா?"

டீச்சர் ஒயர்களைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

சூசைமரியான் சொன்னது இது. மனைவி பிலோமினாளுக்குப் போன வருஷம் தொண்டையில் புற்றுநோய். ஆபரேஷனில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தது, குரல் போய்விட்டது. அவள் டேப் என்கிற கைக்கணினியில் தட்டச்சு செய்து பொத்தானை அமுக்கினால், அது வாசித்துச் சொல்லும். அந்தக் குரலை அமைத்துக் கொடுத்தவர் சூசைமரியான். கட்டற்ற குரல். தகர டப்பாவுக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் இருக்கும். ஆனாலும் வீட்டில் இருப்பது, இணையம் தேவையில்லாதது, யாராலும் பிடுங்க முடியாதது.

மஸ்கட்டில் இருக்கும் மகள் ஒருநாள் வீடியோவில் கூப்பிட்டாள். நான்கு வயதுப் பேத்தி, ஆச்சி முகத்தைப் பார்த்துச் சிரித்தவள், அந்தக் குரல் வந்ததும் வீறிட்டு அழுதாள். மகள் மறுநாளே ஒரு கம்பெனியின் பெயரை அனுப்பினாள். அவர்களிடம் நல்ல பெண் குரல் இருக்கிறது, தேன் மாதிரி இருக்கும், அம்மாவுக்கு அதைப் போட்டுக்கொடுங்கள் என்றாள்.

"நான் மாட்டேன்னுட்டேன் டீச்சர். அவ தட்டுற ஒவ்வொரு சொல்லும் அந்தக் கம்பெனி மெஷினுக்குப் போயிட்டுத்தான் திரும்ப வரும். நாளைக்கு அவன் கடைய மூடினா குரலும் போயிரும். தொண்டை ஒரு தடவை போயாச்சு. ரெண்டாவது தடவையும் போக நான் கையெழுத்துப் போடவா?"

"நீங்க பயப்படுறது சரிதான்," என்றார் டீச்சர்.

"ஆனா அவ பேசுறத நிப்பாட்டிட்டா. டேப்ப எடுக்கவே மாட்டேங்கா. வீடு பூட்டுன வீடு மாதிரி இருக்கு. அதான் கேக்கேன். கொள்கைய விடட்டுமா, பிடிக்கட்டுமா?"

"மதினி கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

"கடைசியாவா? மார்க்கெட்டுக்குப் போகும்போதுன்னு தட்ட ஆரம்பிச்சா. சரி, வாங்கிட்டு வாரேன்னேன்."

"என்ன வாங்கிட்டு வரச் சொன்னாங்க?"

சூசைமரியான் விழித்தார். "வழக்கமா வாங்குறதுதான்."

டீச்சர் எழுந்து மறுபடியும் ஒயரைச் சுருட்டினார். "அடுத்த வாரம் வகுப்பு வேண்டாம் அண்ணாச்சி. உங்க வீட்டுக்குச் சாப்பிட வாரேன்."

"என் கேள்விக்குப் பதில்?"

"ஊளி மீன் கிடைச்சா நல்லா இருக்கும்," என்றார் டீச்சர்.

அடுத்த ஞாயிறு பிலோமினாள் வாசலுக்கே வந்து டீச்சரின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனாள். கழுத்தைச் சுற்றி மெல்லிய பருத்தித் துணி கட்டியிருந்தாள். மெலிந்திருந்தாள். கண்கள் மட்டும் ஓயாமல் எதையோ கவனித்துக்கொண்டிருந்தன.

விருந்தாளிக்காக அன்று டேப்பை எடுத்தாள். அவள் தட்டச்சு செய்யத் தொடங்கியதும் சூசைமரியான் எழுந்துபோய் அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். அவள் பாதி தட்டும்போதே திரையைப் படித்தார். "நல்லா இருக்கீங்களான்னு கேக்கா டீச்சர்," என்றார். பிலோமினாளின் விரல் பொத்தானுக்கு வந்து சேரவில்லை. டீச்சர் நல்லா இருக்கேன் என்றார்.

மறுபடியும் தட்டினாள். "உங்க அம்மா எப்படி இருக்காங்கன்னு கேக்கா." மறுபடியும் தட்டினாள். "வெயிலைப் பத்திச் சொல்லுதா." அவர் அதை ஆசையாகத்தான் செய்தார். அந்தக் கரகரத்த குரலை விருந்தாளி கேட்க வேண்டாம், அவளும் கூச்சப்பட வேண்டாம் என்று நினைத்தார். நான்காவது தடவை பிலோமினாள் தட்டியதை அழித்துவிட்டு, டேப்பை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

சாப்பாடு எடுத்துவைத்தார்கள். டீச்சர் தம் நாற்காலியைத் தூக்கி பிலோமினாள் பக்கத்தில் போட்டுக்கொண்டார். சூசைமரியானை மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரச் சொன்னார். அங்கிருந்து திரை தெரியாது.

"மதினி, இந்தக் குழம்புக்கு என்ன புளிப்பு போட்டீங்க?"

"புளிதான் டீச்சர்," என்றார் சூசைமரியான்.

"நான் மதினியக் கேட்டேன்."

பிலோமினாள் கணவரைப் பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு டேப்பை எடுத்தாள். ஒற்றை விரலால் தட்டினாள். நேரம் ஆனது. சூசைமரியான் பாதி எழுந்தார். டீச்சர் அவரைப் பார்க்காமலே, "உக்காருங்க அண்ணாச்சி. ஆறிரும்," என்றார். அவர் உட்கார்ந்தார். தெருவில் ஒரு ஆட்டோ வந்து, திரும்பி, போனது. பிலோமினாள் பொத்தானை அமுக்கினாள்.

தகரக் குரல் சொன்னது: "மாங்கா போட்டிருக்கேன். இவரு புளின்னு சொல்லுவாரு. கல்யாணம் ஆன நாளிலேருந்து சாப்பிடுதாரு. இன்னும் நாக்கு பிடிபடல."

டீச்சர் சிரித்தார். பிலோமினாளும் சிரித்தாள். அவளுடைய சிரிப்புக்கு இப்போது ஒலி இல்லை. தோள்கள் மட்டும் குலுங்கின. சூசைமரியான் அந்தக் குலுக்கலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அதைப் பார்த்ததில்லை. அவளுடைய கேலி எப்போதும் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். அவர் ஒருநாளும் கடைசிவரை விட்டதில்லை.

குழம்பைப் பிசைந்தவர் சாப்பிடவில்லை.

"பிலோமி," என்றார். "அன்னைக்கு மார்க்கெட்டுக்குப் போகும்போதுன்னு என்னமோ சொல்ல வந்தியே. அது என்ன?"

அவள் யோசிக்கவில்லை. அது தயாராக இருந்ததுபோல் தட்டினாள்.

"மார்க்கெட்டுக்குப் போகும்போது என்னையும் கூட்டிட்டுப் போங்க. வீட்டுக்குள்ளயே இருந்து எனக்கு மூச்சு முட்டுது."

சூசைமரியான், நாளைக்கே போகலாம் என்றார். பிறகுதான் பிசைந்ததைச் சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடிந்ததும் டீச்சர் பிலோமினாளிடம் அனுமதி கேட்டு, டேப்பை வாங்கி ஏதோ செய்தார். மகள் சொன்ன கம்பெனிக் குரல் அதிலிருந்து பேசியது. வணக்கம் என்றது. உண்மையிலேயே தேன்தான்.

சூசைமரியான் பதறிப்போனார். "டீச்சர், நீங்களா? உங்க கையாலயா?"

"ஏன் அண்ணாச்சி?"

"பூட்டுன மென்பொருள் எதுவும் என் மெஷினுக்குள்ள வராதுன்னு சொன்னது யாரு?"

"நான்தான். என் மெஷினுக்குள்ள இன்னமும் வராது. இது மதினி மெஷின்."

பிறகு டீச்சர் பிலோமினாளுக்கு எல்லாவற்றையும் விளக்கினார். சூசைமரியான் வகுப்பறையில் சொன்ன காரணங்கள் ஒன்றையும் விடவில்லை. அவரைவிடக் கடுமையாகவே சொன்னார். இதில் பேசினால் பேச்சு வெளியே போய் வரும். அவர்கள் அதைக் கேட்கிறார்களா, சேர்த்து வைக்கிறார்களா, நமக்குத் தெரியாது. ஒருநாள் விலையை ஏற்றலாம். ஒருநாள் மூடிவிட்டுப் போகலாம். அன்றைக்கு இந்தக் குரல் இருக்காது, யாரிடமும் போய்க் கேட்க முடியாது. அந்தத் தகரக் குரல் அப்படிப் போகாது.

சூசைமரியான் தலையாட்டிக்கொண்டே கேட்டார். நியாயம் தம் பக்கம் வந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியது.

பிலோமினாள் தட்டத் தொடங்கினாள். நீளமாகத் தட்டினாள். இடையில் நிறுத்தி யோசித்தாள், அழித்தாள், மறுபடி தட்டினாள். சூசைமரியான் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரைப் பக்கம் பார்க்காமல் இருக்க ஜன்னலைப் பார்த்தார். பொத்தானை அமுக்கும் முன், அவள் பழைய குரலுக்கு மாற்றிக்கொண்டாள்.

"பேத்திகிட்ட பேச அந்தக் குரல் வேணும். பிள்ளையோட பேசுறதுல என்ன ரகசியம் இருக்கு. அவன் கேட்டா கேட்டுட்டுப் போட்டும். கடைய மூடுறதுக்குள்ள பிள்ள வளந்துருவா. பெறகு இந்தக் குரலுக்குப் பயப்பட மாட்டா. பக்கத்து வீட்டுக் கதை பேசவும் இவரோட சண்டை போடவும் எனக்கு இதுதான் வேணும். அந்தப் பேச்செல்லாம் வெளிய போகக் கூடாது."

நிறுத்தி, இன்னும் ஒன்று தட்டினாள்.

"ஆனா இது சாப்பிட்டீங்களான்னு கேட்டா போலீஸ்காரன் கேக்குற மாதிரி இருக்கு. திறந்து பாக்கலாம் திருத்தலாம்னு எத்தனை நாளா சொல்லுதாரு. திருத்தித் தரச் சொல்லுங்க."

டீச்சர் சூசைமரியானைப் பார்த்தார். சூசைமரியான் மேசையைப் பார்த்தார்.

"நான் திறந்தே பாக்கல டீச்சர்," என்றார்.

அன்று சாயங்காலம் மகளைக் கூப்பிட்டார்கள். பேத்தி முதலில் தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தேன் குரல் அவள் பெயரைச் சொல்லி, என்ன சாப்பிட்டே என்று கேட்டது. அவள் மெல்லத் திரும்பினாள். தோசை என்றாள். எத்தனை என்றது குரல். அவள் விரல்களை விரித்துக் காட்டினாள். அடுத்த கேள்விக்கு ஆச்சி தட்டி முடிக்கும்வரை, குழந்தை யாரும் சொல்லாமலே காத்திருந்தாள்.

டீச்சரை வழியனுப்ப சூசைமரியான் தெருமுனைவரை நடந்துவந்தார். அவர் முகம் தெளியவில்லை.

"அந்தத் தகரக் குரலக் கேள்வியக் கேள்வியா கேக்க வைக்க முடியுமா டீச்சர்? அதட்டுற மாதிரி இல்லாம?"

"முடியும் அண்ணாச்சி. தமிழ்ல கட்டற்ற குரலுக்கு யாரும் இன்னும் அதச் சரியாச் செய்யல. நானும் கொஞ்சம் முயற்சி பண்ணியிருக்கேன். நிறைய பேர் பேசிப் பதிவு பண்ணணும், ஒவ்வொண்ணாக் கேட்டுத் திருத்தணும். நாளைக்கே ஆரம்பிக்கலாம்."

"ஆரம்பிக்கலாம். நான் இருக்கேன்." கொஞ்ச தூரம் நடந்தார்கள். "முடிய எவ்வளவு நாள் ஆகும்?"

"நம்ம ஆயுசுக்குள்ள முடிஞ்சா சந்தோஷம்."

சூசைமரியான் நின்றுவிட்டார். "அதுவரைக்கும் அந்தப் பூட்டுன குரல் என் வீட்டுக்குள்ள இருக்கணுமா டீச்சர்? அதுவரைக்கும் நான் என்ன சொல்லிக்கிடுறது?"

பஸ் வந்துகொண்டிருந்தது. டீச்சர் கையைக் காட்டி அதை நிறுத்தினார். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் அண்ணாச்சி. அதுவரைக்கும் மதினி பேசிக்கிட்டு இருக்கட்டும்."