கரடு முடியும் இடத்தில் கல்யாணம்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொன்னார். அவருக்கு அவருடைய மச்சான் சொன்னாராம். இரண்டு வாய் மாறி வந்த கதை. நானாக ஒன்றும் சேர்க்கவில்லை.

கொட்டாங்குளத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் முத்தரசன். அதற்குப் பிறகு ஊரே அவனிடம்தான் வழி கேட்டது. அவன் யாரிடமும் கேட்பதை விட்டுவிட்டான். பெண் பார்த்ததெல்லாம் டவுனில். கல்யாணம் மட்டும் பெண்ணின் ஊரில், கொட்டாங்குளத்தார் யாரும் கண்டிராத ஒரு மூலையில். பத்து மணிக்குள் தாலி கட்டியாக வேண்டும்.

மாமனார் போனில் சொல்லியிருந்தார்: "பஸ்ஸை விட்டு எறங்கினதும் ஒரு கரடு தெரியும் மாப்பிள்ளை. அதை வலது கைப் பக்கமே வச்சுக்கிட்டு நடந்து வாங்க. கரடு முடியுற எடத்துல எங்க ஊரு."

முத்தரசன், தாய்மாமன் சடையாண்டி, மாப்பிள்ளைத் தோழன் பூவலிங்கம் மூவரும் காலை ஆறு மணிக்கு இறங்கினார்கள். கரடு இருந்தது, கவிழ்த்து வைத்த பானை மாதிரி உருண்டையான பாறைக் குன்று. அதை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடந்தார்கள்.

கொஞ்ச தூரத்தில் பூவலிங்கத்தின் செருப்பு சேற்றில் நின்றுவிட்டது. எடுக்கத் திரும்பினான்.

"திரும்பாதடா. கரடு இடது கைக்குப் போயிடும்" என்றார் சடையாண்டி.

அது சரியாகப் பட்டது. பூவலிங்கம் பின்பக்கமாகவே நடந்து போய் எடுத்து வந்தான்.

வழியில் ஓர் ஊர் வந்தது. டீக்கடை. மூவரும் டீ குடித்தார்கள். எதிரே வாழைமரம் கட்டிய பந்தல். பதாகையில் 'மணமகன் முத்தரசன், பி.காம்.' என்று எழுதியிருந்தது. முத்தரசனுக்குச் சுருக்கென்றது. இந்தக் காட்டிலும் ஒரு முத்தரசன் பி.காம். படித்துவிட்டான். பட்டத்துக்கு மதிப்பில்லாமல் போனது இப்படித்தான்.

"இன்னும் மாப்பிள்ளை வரலை" என்றார் டீக்கடை அம்மா.

"பொறுப்பில்லாத பய" என்றார் சடையாண்டி. "கரடு முடிஞ்சிருச்சா மாப்ளே?"

"இல்லை மாமா. பக்கத்துலயே இருக்கு."

நடந்தார்கள். சேற்றில் காலடித் தடங்கள் கிடந்தன. சடையாண்டி குனிந்து எண்ணினார்.

"அஞ்சு பேரு போயிருக்காங்க. ஒருத்தரும் திரும்பி வரலை."

"அதுல மூணு பேருக்கு ஒரே மாதிரி கால்" என்றான் பூவலிங்கம்.

"அண்ணன் தம்பிங்க போல. பாவம்."

மூவரும் அந்தத் தடங்களை மிதிக்காமல் ஒதுங்கி நடந்தார்கள்.

மறுபடி ஓர் ஊர், டீக்கடை, பந்தல். மறுபடி ஒரு முத்தரசன், பி.காம்.

"இப்பத்தானே குடிச்சிட்டுப் போனீங்க?" என்றார் டீக்கடை அம்மா.

"இப்பத்தாம்மா உங்க ஊருக்கே வர்றோம்" என்றான் முத்தரசன். வெளியே வந்து சொன்னான்: "இந்தப் பக்கத்து ஆளுங்க எல்லாம் ஒரே சாயல். இங்கேயும் மாப்பிள்ளை வரலை."

மூன்றாவது ஊரில், ஒன்பது மணி தாண்டி, டீக்கடை வாசலில் நின்ற பெரியவர் அவன் கையைப் பிடித்தார்.

"நீங்க எங்க மாமனார் சாயல்ல இருக்கீங்க" என்றான் முத்தரசன்.

"நான்தான் மாப்பிள்ளை அது. பந்தலுக்கு வாங்க."

"கரடு முடியலையே. பந்தல் வேற இடது பக்கம் இருக்கு. திரும்பினா கரடு முதுகுக்குப் போயிடும். நீங்கதானே சொன்னீங்க?"

மணி ஒன்பதே முக்கால் ஆயிற்று. கடைசியில் பெண் அமுதவல்லியை ரோட்டுக்கே கூட்டி வந்தார்கள். கரட்டை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு முத்தரசன் தாலி கட்டினான்.

ஐயர் அக்னியைக் கொண்டுவந்து வைத்தார். "மூணு சுத்து வலமா வாங்கோ."

"பாதிச் சுத்துல கரடு இடது கைக்கு வந்துடும் சாமி" என்றான் முத்தரசன்.

சடையாண்டிதான் வழி கண்டுபிடித்தார்.

"அக்னியைத் தூக்கிக் கரட்டு உச்சியில வச்சிடுங்க. கரட்டைச் சுத்தினா அக்னியைச் சுத்தினதாயிடும்."

அமுதவல்லி கரட்டைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"இதை ஒரு தடவை சுத்தி வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"தெரியலையே" என்றான் முத்தரசன். "நாங்க இன்னும் ஒரு தடவைகூடச் சுத்தினதில்லை."

சந்தேகமாக இருந்ததால் பிறகு நானே போய் நடந்து பார்த்தேன். ஒரு சுற்றுக்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆகிறது. அவர்கள் சொன்னது உண்மைதான்: கரடு எங்கேயும் முடியவில்லை.