சாம்பலுக்கு நடுவே ஒரு விரல் மண்

உர்பி புல்லைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஓடையில் முக்குவாள், உதறுவாள், மறுபடி முக்குவாள். சாம்பல் போகமாட்டேன் என்றது.

ஆண்டீஸ் மலையில், மேகத்துக்கும் மேலே இருக்கிற ஊர் அது. ஊருக்கு மேலே பனியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓர் எரிமலை. போன மழைக்காலத்திலிருந்து புகைகிறது. அல்பாக்கா என்று ஒரு பிராணி, உடம்பெல்லாம் கம்பளி, கழுத்து மட்டும் ஒட்டகத்தினுடையது போல. சாம்பல் படிந்த புல்லைத் தின்றால் அதற்குப் பல் தேய்ந்துவிடும். பல் தேய்ந்தால் பட்டினிதான். உர்பியின் மந்தையில் பாதி அப்படித்தான் போயிற்று.

முதுகில் கட்டியிருந்த பிள்ளை இருமியது.

நாத்தனார் கில்லா மூட்டையோடு வந்து நின்றாள்.

"என்ன அண்ணி, மந்தைக்குப் பந்தியா? எனக்கு ஒருநாள் இப்படிக் கழுவிப் போட்டிருப்பாயா?"

உர்பி சிரிக்கவில்லை.

"ஊரே காலியாகிறது. இன்றைக்கு விட்டால் வண்டி இல்லை. அண்ணன் கீழே டவுனில் காத்திருக்கிறான்."

"மந்தையை ஏற்றுவார்களா?"

"மனுஷருக்கே இடமில்லை."

"குருவம்மாவை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன்" என்று புல்கட்டோடு எழுந்தாள் உர்பி.

குருவம்மா பள்ளத்தோரம் தனியாக இருந்தாள். மலையின் கல்லையெல்லாம் தடவிப் பார்த்தவள்; மலையைப் பற்றி ஊரே அவளைத்தான் கேட்கும்.

"குருவம்மா, மலை எப்போது ஓயும்? ஓயும் என்றால் இருந்துவிடுகிறேன், மிச்சத்தையாவது காப்பாற்றுவேன். ஓயாது என்றால் பிள்ளையோடு போகிறேன்."

குருவம்மா எழுந்து பள்ளத்துக்குள் இறங்கினாள், உர்பியும் பின்னாலேயே. ஓடை அறுத்து அறுத்து, மலையின் வயிறு அங்கே பிளந்து கிடந்தது. அடியில் கருங்கல், நெருப்பாக ஓடி இறுகியது. அதன்மேல் சாம்பல். மறுபடி கருங்கல். மறுபடி சாம்பல். அண்ணாந்தால் கழுத்து வலித்தது.

"இவ்வளவுமா மலை கக்கியது?"

"கக்கியதுதான் மலை. வேறே மலை இல்லை."

"எந்த அடுக்கோடு ஓய்ந்தது?"

"எதற்கு மேலே சாம்பல் இல்லையோ, அதோடு. பார்."

உர்பி சரிவில் ஏறினாள். ஒவ்வோர் அடுக்காய்ப் பார்த்தாள். எதை எடுத்தாலும் மேலே சாம்பல். கடைசியில் விளிம்புக்கே வந்துவிட்டாள். அங்கே புல் இருந்தது, அவள் மந்தை மேய்கிற புல். அதன்மேல் இன்று காலை விழுந்த சாம்பல்.

இறங்கி வந்து உட்கார்ந்தாள். கழுவிய புல்கட்டை மடியில் எடுத்தாள். அதற்குள் அதுவும் சாம்பல் பூத்திருந்தது.

"அப்போ நான் கழுவினதெல்லாம்?"

குருவம்மா சாம்பலுக்கு நடுவே கறுப்பாக ஓடிய ஒரு கோட்டில் விரலை வைத்தாள்.

"இது என்ன?"

"மண். வேர் கருகிக் கிடக்கிறது."

"எவ்வளவு கனம்?"

"ஒரு விரல்."

"அந்த ஒரு விரலுக்கு மலை ஓய்ந்துதான் இருந்தது. பெற்றார்கள், வளர்த்தார்கள், மேய்த்தார்கள்."

"அதற்கப்புறம்?"

குருவம்மா கோட்டுக்கு மேலே இருந்த சாம்பலைப் பார்த்தாள். அது ஓர் ஆள் உயரம் இருந்தது.

பிள்ளை இருமியது.

"இந்த இடத்தில்தான் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள்" என்றாள் குருவம்மா. "முதுகில் பிள்ளை, மடியில் புல். யாரோ கூப்பிட்டிருப்பார்கள். அவள் கட்டைக் கீழே வைத்துவிட்டு…"

"அண்ணீ! வண்டி புறப்படுது, வா!"