காளையின் கழுத்து மணி

“கருவாயனை லாரியில ஏத்தச் சொல்லிட்டேன் மேடம். சந்தனன் இருக்கட்டும். ஆனா மனசு கேக்கல.”

கால்நடை மருத்துவர் கமருதீன் இதைச் சொன்னபோது விடிந்திருந்தது. மலை மட்டும் இன்னும் விழிக்கவில்லை. கொட்டகைக்கு வெளியே மூடுபனி, பொங்கிய பால் அப்படியே நின்றுவிட்டது போல் நின்றது.

இறைச்சி மாடுகளுக்கான ஆராய்ச்சிப் பண்ணை அது. கருவாயன், சந்தனன் என்ற இரண்டு பொலிகாளைகளில் இனவிருத்திக்கு ஒன்றுக்குத்தான் இடம். மற்றது வெட்டுக்குப் போகும். லாரி மலையேறிக்கொண்டிருந்தது.

நவமணி டீயை ஆற்றினாள். மரபணு ஆராய்ச்சியாளர். கமருதீனைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் பாடம் கேட்க மலையேறி வந்தவர் அவர்தான்.

“மனசு ஏன் கேக்கல, சார்?”

“கருவாயன் நான் கையை உள்ள விட்டு இழுத்த கன்னு. கால் மாட்டிக்கிட்டுப் பொறந்தான்.”

“அப்ப ஏன் அனுப்புறீங்க?”

“கறி மெத்துன்னு இருக்கும்னு காட்டுற மரபணு அடையாளம் சந்தனன் ரத்தத்துலதான் இருக்கு. அறுத்துப் பாத்தா கறி தெரியும், காளை இருக்காது. அறுக்காம பாக்க வேற வழி?”

“அந்த அடையாளத்தை எந்த மாட்டுல கண்டுபிடிச்சாங்க?”

“வெளிநாட்டு மந்தையில.”

“நம்ம மந்தையிலயும் அது அதையேதான் சொல்லுதா?”

“அதேதான் மேடம்.”

கமருதீன் வாயிலிருந்து ‘தெரியாது’ என்ற சொல் வந்து அந்தப் பண்ணையில் யாரும் கேட்டதில்லை.

“சரி, சந்தனனைப் பிடிச்சுட்டு வாங்க. ஒரு தடவை பாத்துக்குவோம்.”

“இந்த மூட்டத்துலயா? என் கையே எனக்குத் தெரியல.”

“அதுக்குத்தானே மணி?”

வழிதவறிப் போகும் பழக்கம் சந்தனனுக்கு உண்டு. அதனால் வெண்கல மணி அதன் கழுத்துக்கு மட்டும்.

கமருதீன் கயிற்றோடு இறங்கினார். புல் காலடியில் இருந்தது, வேறெதுவும் இல்லை. மரங்கள் கிட்டே வந்து பார்த்துவிட்டு விலகிப் போயின. தான் நடக்கிறோமா, மலை நடக்கிறதா என்று அவருக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது.

எங்கிருந்தோ மணி கேட்டது.

ஓசையைப் பிடித்துக்கொண்டே போய், ஈரமான கழுத்தில் கயிற்றைப் போட்டார். முன்னால் நடந்தார். பின்னால் மணி வந்தது.

பாதி வழியில் சொரசொரப்பான நாக்கு ஒன்று அவர் புறங்கையை நக்கியது.

சந்தனன் யார் கையையும் நக்கியதில்லை. பனியில் என்னென்னவோ நடக்கிறது என்று நினைத்துக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை. மணிதான் வருகிறதே.

கொட்டகையில் நவமணி நிமிர்ந்து பார்த்தாள்.

“இவனா?”

கமருதீன் திரும்பினார். கரிய முகம். கருவாயன் அவர் கையை மறுபடியும் நக்கியது.

“யார் மணியை மாத்துனது?”

“யாரும் மாத்தல. நேத்து சந்தனன் கழுத்துக் கயிறு அறுந்து மணி விழுந்துச்சு. மேய்க்கிற எசக்கி எடுத்து, பக்கத்துல நின்னவன் கழுத்துல கட்டிட்டான். மணி தொலையக் கூடாதுல்ல?”

“தெரிஞ்சேதான் அனுப்புனீங்களா?”

அவள் டீ குடித்தாள்.

கமருதீன் கருவாயன் கழுத்து மணியை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார்.

“அந்த அடையாளமும்... எத்தனை தலைமுறை தாண்டி வந்திருக்கும். நடுவுல எங்கயாவது கயிறு அறுந்து, மெத்துன்னு ஆக்குற மரபணு ஒரு பக்கம், அடையாளம் ஒரு பக்கம்னு...”

நவமணி பக்கம் திரும்பினார்.

“அப்ப மணி பொய்யா மேடம்?”

“மணி இல்லேன்னா இந்த மூட்டத்துல ஒரு மாட்டுக்கிட்டயாவது போயிருப்பீங்களா?”

கருவாயன் தலையை அவர் தோளில் சாய்த்தது.

“ஆக, உங்க பிள்ளை தப்பிச்சான். இவன்தான் ஒசத்தின்னு சொல்லிடுவோமா?”

கமருதீன் தோளில் சாய்ந்த தலையை மெல்ல விலக்கினார். கருவாயனைப் பார்த்தார்.

“ரெண்டு பேருக்கும் கன்னு பொறக்கட்டும்” என்றார் கடைசியில். “இந்த மலையில வளர்ந்த கன்னுங்களை அறுத்துப் பாப்போம். வருஷக்கணக்கா ஆகும்.”

“ஆகும்.”

கீழே லாரி உறுமி நின்றது. பனிக்குள்ளிருந்து குரல் மட்டும் ஏறி வந்தது.

“எந்த மாடு சார்?”

கமருதீன் கயிற்றை அவிழ்த்துவிட்டார். மணியோசை பனிக்குள் போய்க் கரைந்தது.

“தெரியாதுப்பா” என்று கத்தினார். “வண்டியைத் திருப்பு!”

நவமணி இன்னொரு கிளாஸில் டீ ஊற்றினாள்.